கணித மாணவரின் முதலாண்டு அலைடு: பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளின் கணிதத் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பி.எஸ்சி. கணிதத்தில் சேருகிற மாணவருக்கு முதலாண்டில் அலைடு பாடம், அதாவது மேஜரோடு சேர்த்துப் படிக்கிற துணைப்பாடம், எது என்பதை யார் முடிவு செய்வது? இதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இப்போது பல கல்லூரிகளில் மாணவர் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அது முடிவாகிவிடுகிறது. மேத்ஸ் மேஜர் என்றால் அலைடு பிசிக்ஸ், அவ்வளவுதான். சில இடங்களில் கெமிஸ்ட்ரி. புள்ளியியல் வந்தால் இரண்டாம் ஆண்டில் வரும், வராமலும் போகும். இந்தத் தேர்வை மாணவரிடம் விடுங்கள், புள்ளியியலை முதல் செமஸ்டரிலிருந்தே எடுக்க வழி செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். எல்லாக் கணித மாணவருக்கும் இது நல்லது என்பது என் கருத்து. ஆனாலும் இங்கே நான் பேசுவது ஆக்சுவரி, அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆபத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிற நிபுணர், ஆக வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்காக.

நானும் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் கணிதம் படித்தவன்தான், அலைடு பிசிக்ஸோடு. இப்போது சென்னையில் காப்பீட்டுத் துறையில் ஆக்சுவேரியல் பிரிவில் வேலை. பிரீமியம் எவ்வளவு வைப்பது, நாளை வரப்போகிற கிளெய்முக்கு இன்று எவ்வளவு ஒதுக்கி வைப்பது என்று கணக்குப் போடுகிற வேலை. எங்கள் குழுவுக்குப் புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்முகத் தேர்வில் நானும் உட்காருவதுண்டு. உங்கள் மாணவர்களை அங்கே பார்க்கிறேன்.

அங்கே நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "காமா ஃபங்ஷன் படித்திருக்கிறீர்களா?" முகம் மலர்ந்துவிடும். பேப்பரை இழுத்து, பூஜ்ஜியத்திலிருந்து முடிவிலி வரையான அந்தத் தொகையீட்டை எழுதி, அரைக்கு அதன் மதிப்பு ரூட் பை என்று மூன்றே வரியில் நிரூபித்துக் காட்டுவார்கள். அழகாக இருக்கும். "சரி, ஒரு ஆஸ்பத்திரி பில் தொகை எப்படிப் பரவியிருக்கும் என்பதற்கு இந்தக் காமாவை எப்படிப் பயன்படுத்தலாம்?" என்று அடுத்துக் கேட்டால் அமைதி. காமா பரவல் (எந்தத் தொகை எவ்வளவு வாய்ப்பில் வரும் என்று காட்டுகிற வளைவு) என்று ஒன்று இருப்பதே சிலருக்குப் புதிய செய்தி. கேள்விப்பட்டவர்களும் அது வேறு காமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தொகையீட்டையே மொத்தம் 1 வருகிற மாதிரி வகுத்து எழுதினால் பரவல் கிடைத்துவிடும் என்பதை யாரும் ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். இன்டகிரல் கால்குலஸ் முதலாண்டில் ஒரு வகுப்பறையில் நடக்கிறது. புள்ளியியல் நடந்தால், ஒரு வருடம் கழித்து வேறொரு வகுப்பறையில், வேறொருவரால், சூத்திரம் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லி நடத்தப்படுகிறது. இரண்டும் ஒரே செமஸ்டரில் பக்கத்துப் பக்கத்து மணி நேரங்களில் நடந்தால் இதைத் தனியாகச் சொல்லித்தரவே தேவையிருக்காது.

ஆக்சுவரி ஆவதற்குப் பட்டம் மட்டும் போதாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1944-இல் சங்கமாகத் தொடங்கி, 2006-ஆம் ஆண்டின் ஆக்சுவரிகள் சட்டத்துக்குப் பிறகு சட்டப்பூர்வ அமைப்பாக மாறிய இந்திய ஆக்சுவரிகள் கழகம் நடத்துகிற தேர்வுகளை ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். வாசல்படி ஏசிஇடி என்கிற நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ முடித்தவர்களே எழுதலாம். அதன் 100 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 30, புள்ளியியலுக்கும் 30. மீதி தரவு விளக்கம், ஆங்கிலம், தர்க்கம். இரண்டுக்கும் சமப் பங்கு என்பதைக் கவனியுங்கள். உள்ளே போன பிறகு வருகிற தாள்களில் சிஎஸ்1 முழுக்கப் புள்ளியியல். சிஎம்1-இல் வட்டிக் கணக்கும் ஆயுள் கணக்கும். சிபி1-இல் நிதியும் கணக்குப்பதிவும், சிபி2-இல் பொருளியல். சிஎஸ்1-இன் இரண்டாம் பகுதியைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஆர் என்கிற புள்ளியியல் கணினி மொழியில் செய்ய வேண்டும், சிஎம்1-இன் இரண்டாம் பகுதியை எக்செல்லில்.

இப்போது நம் பி.எஸ்சி. முதலாண்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அல்ஜீப்ரா, டிரிக்னாமெட்ரி, டிஃபரென்ஷியல் கால்குலஸ், அனலிட்டிகல் ஜியாமெட்ரி, இன்டகிரல் கால்குலஸ். இவற்றின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. சிஎம்1 எழுதுகிற பிள்ளைக்கு இதில் ஒவ்வொரு மணி நேரமும் பலன் தரும். இடைவெளி மற்ற இடங்களில் இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் நிகழ்தகவுப் பரவல்கள் என்று தனி அத்தியாயமே உண்டு. சமவாய்ப்பு மாறி, ஈருறுப்புப் பரவல் எல்லாம் அதில் வந்துவிடுகிறது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளையும் அதைப் பொதுத்தேர்வில் எழுதிவிட்டுத்தான் உங்களிடம் வருகிறது. வந்த பிறகு அதை மறுபடி தொடுவதற்கு அந்தப் பிள்ளை எத்தனை செமஸ்டர் காத்திருக்கிறது? பள்ளிக்கூடம் தொட்டுவிட்ட இடத்தைக் கல்லூரி பிடித்துக்கொள்ளாமல் விடுவதற்கு என்ன காரணம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

புள்ளியியல் என்றால் சராசரி, இடைநிலை, முகடு என்று சலிப்பூட்டுகிற சமாச்சாரம் என்ற எண்ணம் கணிதத் துறைகளில் இருக்கிறது. முதலாண்டு வகுப்பில் ஒரே மணி நேரத்தில் நடத்தக்கூடிய ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

ஒரு வருட டேர்ம் பாலிசி, அதாவது அந்த வருடத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் கிடைக்கிற காப்பீடு. ஆளுக்கு 10 லட்சம் ரூபாய். அந்த வயதில் ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆளுக்குச் சராசரிச் செலவு 2,000 ரூபாய். ஆபீஸ் செலவு, லாபம் எதையும் சேர்க்காமல் அதையே பிரீமியமாக வாங்கினால் 1,000 பேரிடம் 20 லட்சம் வசூலாகும். இரண்டு மரணத்துக்குச் சரியாகப் போகும். ஐந்து பேர் இறந்துவிட்டால்? கையில் 20 லட்சம், கொடுக்க வேண்டியது 50 லட்சம். கம்பெனி காலி. இப்படி நடக்க எவ்வளவு வாய்ப்பு? அரிதான நிகழ்ச்சி எத்தனை முறை வரும் என்று கணிக்கிற பாய்சான் பரவலில் சராசரி 2 என்று போட்டுப் பாருங்கள்: ஐந்தோ அதற்கு மேலோ வர 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் அதிகம். இருபது வருடத்தில் ஒரு வருடம் கதை முடிந்துவிடும்.

அதே பாலிசியை ஒரு லட்சம் பேருக்கு விற்றால்? எதிர்பார்க்கிற மரணங்கள் 200, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகுகிற அளவு) 14 சொச்சம். முன்பு போலவே இரண்டரை மடங்கு கெட வேண்டுமானால் 500 மரணம் வர வேண்டும். அது சராசரியிலிருந்து இருபது திட்ட விலக்கத்துக்கும் அப்பால் இருக்கிறது. நடக்கவே நடக்காது என்று பையன்கள் சொல்வார்கள். அப்போது கேளுங்கள், 2021-இல் என்ன நடந்தது என்று. ஒருவர் மரணம் இன்னொருவர் மரணத்தைச் சாராது என்ற நிபந்தனையைப் போட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். கொரோனா அந்த நிபந்தனையைத்தான் உடைத்தது. போர்டில் ஒரு ஓரமாக எழுதிவிட்டுக் கடந்து போகிற அந்த நிபந்தனைக்கு எவ்வளவு கனம் என்று பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அன்றைக்கே புரிந்துவிடும். இதற்கு வேண்டிய கணிதம் அடுக்குக்குறித் தொடர் மட்டும்தான். அதை அவர்கள் அல்ஜீப்ரா தாளில் அதே செமஸ்டரில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

இதைப் படிக்கும்போதே உங்கள் மனதில் ஓடுகிற பதில் எனக்குத் தெரியும். வொர்க்லோடு.

மாணவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை என்றாலும், அலைடு மாறாமல் இருப்பதற்கு நிஜமான காரணம் பல இடங்களில் இதுதான். கணித மாணவர்களுக்கு எடுக்கிற அலைடு வகுப்பும் பிராக்டிகலும் இயற்பியல் துறையின் வார மணிக்கணக்கில் கணிசமான பங்கு. அதில் கை வைத்தால் பணியிடமே கேள்விக்குள்ளாகும். ஸ்டாஃப் ரூமில் முகம் பார்த்துப் பேச முடியாமல் போகும். நியாயமான கவலைதான், ஆனால் அதைச் சுமக்க வேண்டியது முதலாண்டு மாணவர் இல்லை. அப்புறம், நான் பிசிக்ஸை எடுத்துவிடச் சொல்லவும் இல்லை. அறுபது பேர் வகுப்பில் மெக்கானிக்ஸ் பிடித்தவர்கள், எம்.எஸ்சி. பிசிக்ஸ் பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள், பள்ளி ஆசிரியராக நினைக்கிறவர்கள் எல்லாம் இருப்பார்கள். அவர்களுக்குப் பிசிக்ஸே நல்ல தேர்வு. இருபது பேர் புள்ளியியல் கேட்டால் அந்த இருபது பேருக்கு ஒரு பேட்ச் நடக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். முதல் வருடம் பத்துப் பேர்தான் வந்தாலும் ஆரம்பியுங்கள்.

எங்கள் கல்லூரியில் புள்ளியியல் துறையே இல்லையே என்று அடுத்துச் சொல்வீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் இல்லைதான். ஆனால் அலைடு புள்ளியியல் நடக்கிற பல கல்லூரிகளில் அதை நடத்துவது கணிதத் துறைப் பேராசிரியர்கள்தான். இன்னும் சொல்லப்போனால், காமாவையும் காமா பரவலையும் ஒரே ஆள் நடத்துவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆளே கிடைக்கவில்லை என்றால் ஒன்றிய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் இருக்கிறது. ஒரு பட்டப்படிப்பின் ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை அதன் வழியாக எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021-இல் விதியையே தளர்த்திவிட்டது. ஐஐடி பேராசிரியர்களின் நிகழ்தகவு வகுப்புகள் அங்கே இலவசமாகக் கிடக்கின்றன. ஆனால் வீடியோவைப் போட்டுவிட்டு வாத்தியார் வெளியே போய்விடக் கூடாது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த வகுப்பில் பக்கத்தில் ஒரு ஆள் நின்று "எங்கே மாட்டிக்கொண்டாய்?" என்று கேட்டே ஆக வேண்டும்.

இன்னொரு பக்கம், இந்த மடலைப் படித்துவிட்டு உற்சாகமாகி, அடுத்த ஜூனில் வாசலில் 'பி.எஸ்சி. ஆக்சுவேரியல்' என்று பேனர் கட்டிவிடுவீர்களோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் ஆக்சுவேரியல் படிப்புக்குப் பேர் போனது. அங்கேயே அந்த மேஜர் மாணவர்கள் முதலாண்டில் மற்றக் கணித மாணவர்களோடு சேர்ந்து கால்குலஸ், அல்ஜீப்ரா, கம்ப்யூட்டர் என்றுதான் படிக்கிறார்கள். நிதிக் கணிதம் இரண்டாம் ஆண்டுக்குத்தான் வருகிறது. அடித்தளம் எல்லோருக்கும் ஒன்று, பிரிவது பிறகு. அதுதான் சரி. பதினேழு வயதில் ஒரு தொழிலின் பெயரைப் பட்டத்தில் எழுதி மாட்டிக்கொள்கிற பிள்ளை, இரண்டு தேர்வு எழுதிப் பார்த்துவிட்டு இது நமக்கு ஒத்துவராது என்று உணர்ந்தால் எங்கே போகும்? ஆக்சுவரி தேர்வுகள் வருடக்கணக்கில் இழுக்கும். வேலை பார்த்துக்கொண்டே எழுத வேண்டும். பாதி வழியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர், நல்ல மூளைக்காரர்கள் உட்பட. கணிதப் பட்டமும் கூடவே புள்ளியியலும் இருந்தால் நிறுத்துகிற இடத்திலிருந்து வேறு பாதை கிடைக்கும். யுபிஎஸ்சி நடத்துகிற இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் புள்ளியியலில் முதுகலை முடித்திருக்க வேண்டும். அலைடு பட்டியலில் நீங்கள் போடுகிற ஒரு கோடு, மூன்று வருடம் கழித்து ஒரு பிள்ளைக்கு அந்த வாசலை மூடிவிடுகிறது. சேர்க்கை நாளில் இது தெரிந்தவர் எத்தனை பேர்?

கோச்சிங் சென்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் செமஸ்டர் தொடங்கிய மாதமே ஏசிஇடி கோச்சிங்குக்குப் பணம் கட்டிவிடுகிற பெற்றோர்கள் இருக்கிறார்கள். பிள்ளை காலையில் கல்லூரி, மாலையில் கோச்சிங் என்று ஓடி, டிஃபரென்ஷியல் கால்குலஸில் அரியர் வைத்துவிட்டு நிற்கும். முதலாண்டில் கால்குலஸ், அல்ஜீப்ரா, புள்ளியியல் மூன்றையும் ஒழுங்காகப் படித்தவருக்கு ஏசிஇடியின் கணிதமும் புள்ளியியலும் ஓரிரு மாதத் தயாரிப்பில் முடிகிற விஷயம். முதலாண்டு முடிகிற கோடை விடுமுறையில் அதைச் செய்தால் போதும். இதை உங்களைப் போன்ற ஒரு ஹெச்.ஓ.டி. சொன்னால் பெற்றோர் கேட்பார்கள், நான் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

நான்-மேஜர் எலெக்டிவ் விஷயம் சின்னது, ஆனால் கையில் இருக்கிற வசதி. வேறு துறைப் பாடம் ஒன்றை மாணவர் விருப்பப்படி எடுக்கத்தான் அது வந்தது. நடைமுறையில் டைம்டேபிள் வசதிக்காக ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே பாடத்துக்கு மொத்தமாக அனுப்பிவிடுகிறோம். கணித மாணவர் விரும்பினால் ஒரு செமஸ்டர் வணிகவியல் துறையில் அடிப்படைக் கணக்குப்பதிவும், இன்னொரு செமஸ்டர் பொருளியலும் எடுக்க விடுங்கள். பேலன்ஸ் ஷீட்டில் எது எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் காப்பீட்டு நிறுவனத்துக்குள் வருகிற கணித மேதைகளுக்கு அதை ஆரம்பத்திலிருந்து சொல்லித்தருவது எங்கள் வாரத்தைத் தின்கிறது. திறன் மேம்பாட்டுத் தாள் என்ற பெயரில் வேர்டில் லெட்டர் டைப் அடிக்கச் சொல்லித்தருகிற இடத்தில் ஆர் மொழியைக் கொண்டுவரலாம். அது இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். மேலே சொன்ன டேர்ம் பாலிசிக் கணக்கை ஆயிரம் வருடத்துக்கு ஓட்டிப் பார்த்து எத்தனை வருடம் கம்பெனி மூழ்கியது என்று எண்ணச் சொல்லுங்கள். ரெக்கார்டு நோட்டில் அழகான கையெழுத்தில் காப்பி அடிப்பதை விட அது அவர்களுக்குப் பிடிக்கும். லீனியர் அல்ஜீப்ராவைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளி வைத்திருப்பது பற்றியும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்குத் தனி மடல் வேண்டும்.

வேலை எங்கே இருக்கிறது என்ற கேள்வியும் வரும். மும்பையிலும் பெங்களூருவிலும் குருகிராமிலும் அதிகம், உண்மைதான். ஆனால் யுனைடெட் இந்தியா, ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்.எஸ்., ஸ்டார் ஹெல்த் நான்குக்கும் தலைமையகம் சென்னை. கிராச்சுட்டிக்கும் லீவ் சம்பளத்துக்கும் வருடா வருடம் ஆக்சுவரி மதிப்பீடு வாங்குகிற கம்பெனிகள் கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் இருக்கின்றன.

இனி நான் கேட்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். சேர்க்கை நாளில் ஒவ்வொரு கணித மாணவர் கையிலும் தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். எந்த அலைடு எடுத்தால் எந்த வழி திறக்கும், எது மூடும் என்று அதில் இருக்கட்டும். பெற்றோரும் படிக்கிற மாதிரி இருக்கட்டும். வகுப்பு தொடங்கி முதல் மாதத்துக்குள் அலைடை ஒருமுறை மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள். வீட்டில் யாரும் கல்லூரி பார்த்திராத பிள்ளைக்குச் சேர்க்கைக் கவுன்ட்டரில் கிடைக்கிற ஐந்து நிமிடம் போதாது. அலைடு புள்ளியியலில் முதல் செமஸ்டரில் தரவும் எண்ணக்கூடிய பரவல்களும், இரண்டாம் செமஸ்டரில் இன்டகிரல் கால்குலஸோடு தொடர் பரவல்களும் என்று வரிசையை மாற்றுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இதற்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, உங்கள் குழுவும் கல்விக் குழுவும் ஒப்புக்கொண்டால் போதும். இணைப்புக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும். பத்துக் கல்லூரிகள் சேர்ந்து கேட்டால் கேட்பார்கள்.

தன்னாட்சிக் கல்லூரிப் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்பது யுஜிசி விதி. அந்த நாற்காலியில் பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிக்காரர்தான் உட்காருகிறார். கணிதத் துறையின் அடுத்த கூட்டத்துக்குக் காப்பீட்டுத் துறையிலிருந்து ஒருவரை அழைத்துப் பாருங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். பஸ் செலவு என்னுடையது, மதியச் சாப்பாடு மட்டும் உங்கள் கேன்டீனில். வருகிற மே மாதத்துக்குள் கூட்டம் போட்டால் ஜூன் சேர்க்கைக்கே அந்த ஒரு பக்கத் தாளை அச்சடித்துவிடலாம்.

நன்றியுடன்,
ஒரு பழைய கணித மாணவன்
சென்னை